தொடாமல் இசைத்தவர்... சத்தமில்லாமல் ஒட்டுக்கேட்டவர்! - லியோன் தெரமினின் இரட்டை வாழ்க்கை

இதை எந்த விரலால ஸ்க்ரோல் பண்றீங்க? கட்டைவிரலா? ஒரு சின்ன சோதனை. அதே இடத்தை ஒரு பேனா மூடியால தள்ளிப் பாருங்க. எவ்வளவு அழுத்தினாலும் நகராது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்ல ஈரக் கையோட மல்லி அளந்துகிட்டே, பணம் வந்துச்சான்னு போனைத் தடவுற அக்காக்களுக்கு இந்தப் பிரச்னை நல்லாத் தெரியும். கை ஈரமா இருந்தா ஸ்க்ரீன் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

காரணம், உங்க போன் அழுத்தத்தைப் பார்க்கலை. உங்க உடம்புல இருக்கிற மின்சார குணத்தைப் பார்க்குது. ப்ளஸ் டூ இயற்பியல்ல மின்தேக்கின்னு ஒரு பாடம் வருமே, நினைவிருக்கா? ரெண்டு தகடு, நடுவுல கொஞ்சம் இடைவெளி. இடைவெளி மாறினா, தேக்கும் திறனும் மாறும். போன் திரை ஒரு தகடு, உங்க விரல் இன்னொரு தகடு. ஒவ்வொரு முறை ரீல்ஸைத் தள்ளும்போதும் நீங்க அந்தப் பாடத்தைத்தான் செய்து காட்டுறீங்க.

மனுஷ உடம்பையே மின்சுற்றின் ஒரு பாகமாக மாற்றி அதிலிருந்து இசையை எடுக்கலாம் என்று, கம்ப்யூட்டர் என்ற இயந்திரமே இல்லாத காலத்தில் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் லியோன் தெரமின். ரஷ்யாவில் லெவ் தெர்மென். அவர் செய்த இன்னொரு வேலையும் இருக்கு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழுக் கதை.

நம்ம ஊர் சங்கரநாராயணரைக் கும்பிட்டிருப்பீங்க. ஒரே திருமேனியில் வலப்பாதி சங்கரன், இடப்பாதி நாராயணன். ஆடித்தபசு அன்னிக்கு மொத்த ஊரும் பார்க்கக் காத்திருப்பது அந்தக் காட்சியைத்தான். தெரமினும் ஒரே ஆளில் ரெண்டு பாதிதான். ஆனா அவரோட ரெண்டு பாதியும் கும்பிடுற மாதிரி இருக்காது. அதனால ஒப்பீட்டை இதோட நிறுத்திக்கலாம்.

வாயு அளக்கப் போய் வாத்தியம் வந்த கதை

1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் தெரமின். சின்ன வயசிலேயே செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்டார். இயற்பியலும் படித்தார், இசையும் படித்தார். முதல் உலகப்போர் சமயத்தில் ராணுவத்தில் ரேடியோ வேலை. அப்புறம் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம். இதெல்லாம் தாண்டி 1920 வாக்கில், பெட்ரோகிராடில் இயற்பியலாளர் ஆப்ராம் யோஃபேயின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். வாயுக்களின் தன்மையை அளக்க ஒரு மின்கருவி செய்யச் சொல்லியிருந்தார்கள். அளவு மாறுவது காதுக்குக் கேட்கட்டும் என்று அதில் ஒரு ஒலியையும் சேர்த்தார் தெரமின். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில்பட்டது. கருவிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ஒலி ஏறுது, விலக்கினால் இறங்குது.

வீட்டுல தாத்தாவோட பழைய ரேடியோ இருந்தா, ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. சத்தம் மாறும். நாமா இருந்தா தலையில ரெண்டு தட்டு தட்டி நேர்படுத்துவோம். தெரமின் உள்ளே ஒரு செல்லோக்காரர் இருந்ததால், அந்தத் தொந்தரவிலேயே ராகம் பிடிக்க முடியுமான்னு பார்த்தார்.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப அழகு. உள்ளே ரெண்டு மின் அலைவிகள் ஓடும். ரெண்டும் காதுக்குக் கேட்காத வேகம். உதாரணத்துக்கு ஒன்று நொடிக்கு 1,70,000 முறை துடிக்கிறது என்று வையுங்கள். இன்னொன்று ஆன்டெனாவோடு இணைந்தது. நீங்கள் கையை அருகே கொண்டுபோனால் அதன் துடிப்பு லேசாக மாறி 1,69,560 ஆகிறது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 440. அந்த வித்தியாசம்தான் ஸ்பீக்கரில் சுரமாக வெளியே வரும். நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு வலது கை, அது சுருதிக்கு. பக்கவாட்டில் வளையம்போல ஒரு கம்பி, அது இடது கைக்கு. கையை வளையத்துக்குக் கிட்ட கொண்டுபோனால் சத்தம் அடங்கும், தூக்கினால் பெருகும்.

வீணைக்கு மெட்டு உண்டு, ஆர்மோனியத்துக்குக் கட்டை உண்டு. இதில் எதுவுமே கிடையாது. வெறும் காற்று! விரல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் சுருதி போச்சு. கர்னாடக சங்கீதக் கச்சேரியில் பாடகர் பாடப்பாட கை காற்றில் கோடு போடும் இல்லையா? குரலுக்குப் பின்னால் கை போகும். தெரமினில் கை முன்னால் போகும், குரல் பின்னால் வரும்.

1922-ல் கிரெம்ளினில் லெனினுக்கு முன் இதை வாசித்துக் காட்டினார். கூடவே, யாராவது கிட்ட வந்தால் அலறும் ஒரு காவல் கருவியையும் காட்டினார். அதுவும் அதே தத்துவம்தான். லெனின் தானும் வாசித்துப் பார்த்தார். இங்கே கொஞ்சம் கவனியுங்க. ஒரே மேஜை மேல வாத்தியமும் இருந்தது, வேவு பார்க்கிற கருவியும் இருந்தது. கதையின் ரெண்டு பாதியும் அந்த அறையிலேயே ஆரம்பிச்சாச்சு.

நியூயார்க்கின் மாயக்காரர்

1927-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஃப்ராங்ஃபர்ட், பெர்லின், பாரிஸ், லண்டன் என்று எங்கு போனாலும் கூட்டம். அந்த டிசம்பரில் நியூயார்க்கில் இறங்கினார். 1928-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. கம்பெனி உரிமம் வாங்கி, சுமார் 500 தெரமின்கள் தயாரித்தது. விலை 175 டாலர், வால்வும் ஸ்பீக்கரும் தனி. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அது பச்சைப் பொய். வாங்கியவர்கள் வீட்டில் பூனை அழுவது போலத்தான் சத்தம் வந்திருக்கும். அதோடு சந்தைக்கு வந்த நேரம் 1929 கடைசி. அந்த அக்டோபரில்தான் அமெரிக்கப் பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்தது. வியாபாரம் அவ்வளவுதான்.

ஆனா வாத்தியத்துக்கு ஒரு ராணி கிடைத்தார். கிளாரா ரைசன்பெர்க். 4 வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட வயலின் மேதை. சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்ததால் கையில் பிரச்னை வந்து, வயலினை விட வேண்டியதாகிவிட்டது. வில்லைப் பிடிக்க முடியாத அந்தக் கை, எதையுமே பிடிக்கத் தேவையில்லாத வாத்தியத்தைக் கண்டுபிடித்தது. காற்றில் விரல்களை மடக்கி விரித்துச் சுரம் பிடிக்கிற ஒரு முறையை கிளாராவே உருவாக்கினார். சத்தம் இன்னும் வேகமா அடங்கணும், கூடுதல் ஸ்தாயி வேணும், கம்பி முகத்தை மறைக்கக் கூடாது என்று அவர் கேட்கக் கேட்க, தெரமின் வாத்தியத்தை மாற்றிக்கொடுத்தார்.

காதலும் இருந்தது. கிளாராவின் 18-வது பிறந்தநாளுக்கு, அவர் கிட்ட வந்ததும் தானே சுழன்று ஒளிரும் கேக் ஒன்று செய்து வைத்தார் தெரமின். ஏற்கெனவே திருமணமாகி, மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர் அவர். பலமுறை கேட்டும் கிளாரா சம்மதிக்கவில்லை. வழக்கறிஞர் ராபர்ட் ராக்மோரைத் திருமணம் செய்துகொண்டார். கிளாரா ராக்மோர் என்ற பெயரில்தான் உலகம் இன்று அவரைத் தெரிந்து வைத்திருக்கிறது.

இந்த நியூயார்க் வருடங்களில் தெரமின் செய்த ஒரு கருவி மேல் எனக்குத் தனிப் பிரியம். அதன் பெயர் டெர்ப்சிடோன். தரையில் ஒரு மேடை, அதற்குள் உலோகத் தகடு. மேலே ஏறி நீங்கள் ஆட வேண்டும். கையைத் தூக்கினால், எழுந்தால் சுருதி ஏறும். குனிந்தால் இறங்கும். அதாவது பாட்டுக்கு ஆடுவதில்லை, ஆட்டமே பாட்டு. 1932 ஏப்ரலில் கார்னகி ஹாலில் இதை அரங்கேற்றினார். நாட்டியக்காரர்களுக்கு வந்த சிக்கல் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு நொடி தடுமாறினாலும் அபஸ்வரமா ஊருக்கே கேட்கும். அன்றைக்கு அந்த மேடையில் ஏறி நின்று சுருதி தப்பாமல் வாசித்தது நடனக்காரர் இல்லை, காதில் சுருதி உள்ள கிளாரா.

பின்னால் வந்தவர்கள் இதே கனவைக் கம்ப்யூட்டரில் செய்தார்கள். அமெரிக்காவின் மைரன் க்ரூகர் 1970-களில் வீடியோப்ளேஸ் என்று ஒன்று செய்தார். நம்ம தோல்பாவைக் கூத்து மாதிரி திரையில் உங்கள் நிழல் விழும். அந்த நிழலோடு கம்ப்யூட்டர் விளையாடும். கனடாவின் டேவிட் ரோக்பி 1980-களில் கேமரா முன் அசைந்தாலே இசை வருகிற கூடம் அமைத்தார். இன்னொரு பக்கம், பள்ளிப் பருவத்திலேயே தெரமின் செய்து பழகிய ராபர்ட் மூக், 1964-ல் சிந்தசைசர் செய்தார். அந்த மூக் கருவி ஒன்று 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தது. இன்றைக்கு நீங்க கேட்கிற எலெக்ட்ரானிக் இசையின் வேரைத் தோண்டினால் எங்கேயாவது ஓரிடத்தில் தெரமின் தட்டுப்படுவார்.

1938-ல் லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின பாலே நடனக் கலைஞரைத் திருமணம் செய்தார் தெரமின். அந்தக் கால அமெரிக்காவில் வெள்ளைக்காரர் ஒருவர் இப்படிச் செய்தால், வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்துவார்கள். நிறுத்தினார்கள். கடனும் கழுத்துவரை ஏறியிருந்தது. அந்த வருடமே ஒருநாள் ஆள் காணாமல்போனார். சோவியத் ஆட்கள் கடத்திவிட்டார்கள் என்று நியூயார்க்கில் பேச்சு. கடனிலிருந்து தப்பிக்கத் தானாகவே கப்பல் ஏறினார் என்பதுதான் பின்னால் வந்த விவரங்களுக்குப் பொருந்துகிறது. அமெரிக்காவில் இருந்தபோதே சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர் என்பதும் பின்னாளில் வெளியே வந்தது. லவினியா அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

கேட்கும் கழுகு

நாட்டுக்கு உழைத்தவரை நாடு எப்படி வரவேற்றது தெரியுமா? 1939-ல் கைது. 8 வருடத் தண்டனை. சைபீரியாவின் கோலிமா சுரங்கப் பகுதிக்கு அனுப்பினார்கள். குளிரிலும் பசியிலும் கொத்துக்கொத்தாக ஆட்கள் செத்த இடம் அது. அவரைக் காப்பாற்றியது படிப்பு. கைதி விஞ்ஞானிகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் ரகசிய ஆய்வுக்கூடங்களை ஸ்டாலின் அரசு நடத்தியது. விமானப் பொறியாளர் துபோலெவ் அடைபட்டிருந்த கூடத்துக்கு தெரமினையும் மாற்றினார்கள். பின்னாளில் ககாரினை விண்வெளிக்கு அனுப்பிய கொரோலெவும் அங்கே கைதியாக இருந்தவர்தான்.

அங்கிருந்துதான் கதையின் அடுத்த பாதி.

1945 ஆகஸ்ட். சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்காவின் கழுகு முத்திரையை மரத்தில் அழகாகச் செதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் கொடுத்ததாச்சே என்று தூதர் தன் வீட்டு அறையில் மாட்டினார். அது 7 வருடம் தொங்கியது. 4 தூதர்கள் மாறினார்கள். கழுகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

சோதனை போட்டவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? அதில் பேட்டரி இல்லை, வயர் இல்லை. தானாக எந்த அலையையும் அனுப்பவும் இல்லை. சின்ன உலோகக் குடுவை, அதன் வாயில் மெல்லிய சவ்வு, ஒரு குச்சி ஆன்டெனா. அவ்வளவுதான். வெளியிலிருந்து யாராவது ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் அது உயிர்பெறும். அறையில் பேசும் குரலுக்குச் சவ்வு அதிரும். சவ்வுக்கும் உள்ளே இருக்கும் தகட்டுக்கும் இடைவெளி மாறும். திரும்பிப் போகும் அலையில் அந்தப் பேச்சு ஏறிக்கொள்ளும்.

இடைவெளி மாறும் என்றதும் உங்களுக்கு ஏதாவது பொறி தட்டியிருக்கணும். ஆமா, அதே மின்தேக்கிப் பாடம்தான்! வாத்தியத்தில் கைக்கும் கம்பிக்கும் இடையே இருந்த காற்று, இங்கே சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே. அங்கே அசைவு இசையானது, இங்கே குரல் உளவுத் தகவலானது. கயத்தாறு பக்கம் டோல்கேட்டில் கார் நெருங்கினதும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் தன்னைத் தானே அடையாளம் சொல்லுமே, அதற்கும் பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து வரும் அலையில் விழித்துக்கொள்கிற அந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் இந்தக் கழுகுதான் பாட்டன் முறை.

பிரிட்டிஷ் தூதரகத்தின் ரேடியோக்காரர் ஒருவர், காற்றில் அமெரிக்கர்களின் பேச்சு மிதந்து வருவதைத் தற்செயலாகக் கேட்டதில்தான் சந்தேகம் கிளம்பியது. 1952-ல் கழுகைப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கா 8 வருடம் அதை வெளியே சொல்லவில்லை. 1960-ல் தன் உளவு விமானம் சோவியத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டபோதுதான், நீங்க மட்டும் யோக்கியமா என்கிற மாதிரி ஐ.நா. பாதுகாப்பு சபையில் கழுகைத் தூக்கிக் காட்டியது.

கைதியா இருந்தவர், வேற வழி என்ன என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா அதோட முடியலை. தூரத்திலிருந்தே ஜன்னல் கண்ணாடியின் அதிர்வைப் படித்து உள்ளே பேசுவதைக் கேட்கும் புரான் என்ற கருவியையும் செய்தார். ஸ்டாலின் பரிசு கிடைத்தது. 1947-ல் விடுதலையும் கிடைத்தது. விடுதலை ஆன பிறகும் உளவுத்துறை வேலையை விடாமல் 1960-கள் வரை செய்தார். அதை யாரும் துப்பாக்கி முனையில் வாங்கவில்லை. தன்னைச் சுரங்கத்துக்கு அனுப்பிய அமைப்புக்கே காது செய்து கொடுத்தார். கருவி மேல் இருந்த ஆசையா, பயமா, இல்லை நிஜமான விசுவாசமா? எனக்கு மூணுமே கலந்துதான் தெரியுது. 1991-ல், எல்லோரும் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, 94 வயதில் போய் உறுப்பினராகச் சேர்ந்தவர் அவர். விசுவாசத்தின் பங்கு கொஞ்சம் அதிகம்போல.

மறுபடி நியூயார்க்

உளவு வேலைக்குப் பிறகு மாஸ்கோ இசைக் கல்லூரியில் சேர்ந்து மறுபடி வாத்தியங்கள் செய்ய ஆரம்பித்தார். மேற்குலகம் அவர் எப்போதோ செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தது. 1967-ல் அங்கே போன நியூயார்க் டைம்ஸ் இசை விமர்சகர் ஒருவர், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினார். அந்தச் செய்தியே வினையானது. கல்லூரி அவரை வெளியே அனுப்பியது, அவர் செய்த வாத்தியங்களும் அழிக்கப்பட்டன. மாஸ்கோ பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஒரு வேலையில் ஒதுங்கினார். அங்கிருந்தபோதுதான் உறவுக்காரச் சிறுமி லிடியா கவினாவுக்கு 9 வயதில் தெரமின் கற்றுக்கொடுத்தார். இன்று உலக மேடைகளில் தெரமின் வாசிப்பவர்களில் முக்கியமானவர் அந்த லிடியா.

1991-ல், அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்கா போனார். அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டீவன் எம். மார்ட்டினின் கேமரா கூடவே போனது. நியூயார்க்கில் கிளாராவின் வீட்டுக் கதவு திறந்தது. 95 வயது தெரமின், 80 வயது கிளாரா. ராபர்ட் ராக்மோர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் காட்சி ஆவணப்படத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். 1993 நவம்பர் 3-ம் தேதி, 97 வயதில், மாஸ்கோவில் தெரமின் காலமானார். ஆவணப்படம் வெளியானதும் அதே வருடம்தான்.

உங்க போனுக்கு வருவோம். 2019-ல் கூகுள் பிக்ஸல் 4 போனை வெளியிட்டது ஞாபகம் இருக்கா? குட்டி ரேடார் ஒன்றை உள்ளே வைத்து, திரையைத் தொடாமல் காற்றில் கையை வீசினாலே பாட்டு மாறும்படி செய்திருந்தார்கள். நூறு வருடம் பழைய கனவு, பாக்கெட் சைஸில். ஆனா அந்த போன் இந்தியாவுக்கு வரவில்லை. ரேடார் பயன்படுத்திய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததே காரணமாகச் சொல்லப்பட்டது. அசைவுக்கு அனுமதி கிடைக்கவில்லை, குரலுக்குத் தடையே இல்லை. நீங்க பேர் சொல்லிக் கூப்பிடும் அந்த ஒரு வார்த்தைக்காக உங்க போன் மைக் நாள்பூரா காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கு. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒன்றும் கேட்காது. அது வேற கதை. செட்டிங்ஸில் மைக்ரோபோன் அனுமதி எந்தெந்த ஆப்புக்குக் கொடுத்திருக்கீங்கன்னு இப்பவே ஒருமுறை பாருங்க, லிஸ்ட் நீளமா இருக்கும்.

அதை முடிச்சிட்டு யூடியூப்ல கிளாரா ராக்மோர்னு தேடுங்க. வயதான காலத்தில் அவர் வாசித்த, சான்-சான்ஸ் எழுதிய 'அன்னம்' என்ற இசைத்துண்டு கிடைக்கும். ஹெட்போன் கண்டிப்பா வேணும். முதல்ல கண்ணை மூடிக் கேளுங்க, யாரோ வாய் திறக்காமல் பாடுற மாதிரி இருக்கும். ரெண்டாவது தடவை அவர் வலது கையை மட்டும் பாருங்க. காற்றில் இல்லாத ஒரு தந்தியை விரல்கள் எப்படித் தேடிப் பிடிக்குதுன்னு தெரியும்.